மன்றத்தின் இணையதளக் கோப்புகள்: ஏற்றிய படங்கள் தெரியவில்லை, பழைய எஃப்டிபி வழியும் மூடப்படுகிறது

செம்பூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செம்பூரில் உள்ள எங்கள் தமிழ் மன்றத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை அதைக் கவனித்துவந்த அன்பர் பணிமாறுதலில் வெளிநாடு செல்லும் முன் என் கணினியில், இணையதளக் கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் உதவும் ஃபைல்ஸில்லா என்ற மென்பொருளை நிறுவிக் கொடுத்து, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். தளம் வேர்ட்பிரஸ் போன்ற எதிலும் அமைந்ததன்று. கையால் எழுதிய எச்டிஎம்எல் பக்கங்கள், ஆண்டுமலர்களின் பிடிஎஃப் கோப்புகள், பொங்கல் விழா, பட்டிமன்றம், சிறுவர்களின் திருக்குறள் ஒப்பித்தல் போட்டி ஆகியவற்றின் படங்கள் என எல்லாமே தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. மன்றத்தைத் தொடங்கிய பெரியவர்கள் சிலருடைய படம் இந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் இல்லை என்பதால், எதையும் தொடுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த ஆண்டுப் பொங்கல் விழாப் படங்களில் ஒரு பகுதியை என் விண்டோஸ் கணினியிலிருந்தும், மற்றொரு பகுதியை என் மகளின் மேக் மடிக்கணினியிலிருந்தும் ஏற்றினோம். சர்வரில், அதாவது தளம் இருக்கும் கணினியில், உள்ளவற்றைக் காட்டும் ஃபைல்ஸில்லாவின் வலப்பக்கப் பலகத்தில் எல்லாப் படங்களும் வரிசையாகத் தெரிகின்றன. ஆனால் இணையப் பக்கத்தைத் திறந்தால் பல இடங்களில் படம் வராமல் உடைந்த சின்னம் மட்டுமே தெரிகிறது. என் கணினியிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பழைய நிகழ்ச்சிகளின் படங்கள் சுமார் மூவாயிரம் இன்னும் ஏற்றப்பட வேண்டியிருக்க, பதிவேற்றம் பாதியில் நின்று நின்று போகிறது. இதற்கிடையில் எங்கள் தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து, மறைகுறியாக்கம் இல்லாத எஃப்டிபி இணைப்பு (கோப்புகளை ஏற்ற இதுவரை நாங்கள் பயன்படுத்திவரும் வழி) விரைவில் நிறுத்தப்படும், எஸ்எஃப்டிபி-க்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அப்படி மாறினால் ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு ஏதேனும் நேருமா? எதை முதலில் செய்ய வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

டோம்பிவலி நிர்வாகி எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எஃப்டிபி, எஸ்எஃப்டிபி ஆகிய இரண்டும் கோப்புகளிடம் போய்ச்சேரும் இரண்டு வழிகள் மட்டுமே. வழியை மாற்றுவதால் சர்வரில் இருக்கும் ஒரு கோப்புக்கும் எதுவும் ஆகாது. அந்த அச்சத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் மாறுவதற்கு முன்னால், படச் சிக்கலைத் தொடுவதற்கும் முன்னால், சர்வரில் உள்ள அனைத்தையும் உங்கள் கணினிக்கு ஒரு முறை முழுமையாகப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வேறெங்கும் இல்லாத படங்கள் அங்கே இருக்கின்றன என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எஃப்டிபி மென்பொருளில் நீக்கு என்று கொடுத்தால் அந்தக் கோப்பு உடனே அழிந்துபோகும். விண்டோஸில் இருப்பதுபோல் திரும்ப எடுப்பதற்கு ரீசைக்கிள் பின் எதுவும் அங்கே கிடையாது. பதிவிறக்கும் முன் ஃபைல்ஸில்லாவின் சர்வர் மெனுவுக்குப் போய், மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டச் சொல்லும் தெரிவை இயக்குங்கள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் சில சர்வர்களில் பட்டியலுக்கே வருவதில்லை. பக்கங்களைத் திசைமாற்றும் விதிகளைத் தாங்கிய டாட் எச்டிஅக்சஸ் கோப்பு அந்த வகையைச் சேர்ந்தது. அதை விட்டுவிட்டு எடுத்த நகல் முழுமையான நகல் ஆகாது. எடுத்த நகலை இன்னொரு பென் டிரைவிலோ வன்தட்டிலோ வைத்துவிட்டு, பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

இனி எஸ்எஃப்டிபி பற்றி. எஃப்டிபி-யின் முதல் வரைவை 1971-ல், கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளான நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 114-ஆம் ஆவணமாக எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடி-யின் முதல் அணியில் படித்து எம்ஐடி-க்குச் சென்றவர். இன்றும் அடிப்படையாக உள்ள ஆர்எஃப்சி 959 வெளிவந்தது 1985-ல். ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வுக்கூடங்கள் மட்டும் இணைந்திருந்த வலையமைப்புக்காகப் பிறந்த நெறிமுறை அது. ஆகவே அதில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறைப்பும் இல்லாமல், தட்டச்சு செய்த எழுத்துகளாகவே கம்பியில் போகின்றன. விமான நிலையத்தின் இலவச வைஃபையில் அமர்ந்து நீங்கள் ஒரு பக்கத்தைத் திருத்தினால், அதே வலையில் இருந்துகொண்டு போக்குவரத்தைக் கவனிக்கும் ஒருவரால் அந்தக் கடவுச்சொல்லை அப்படியே படித்துவிட முடியும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய உலாவிகள் 2021-லேயே எஃப்டிபி ஆதரவை நீக்கிவிட்டன. எஸ்எஃப்டிபி என்பது பெயரில்தான் ஒத்திருக்கிறது. உண்மையில் அது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பின்மேல் இயங்கும் வேறொரு நெறிமுறை. எஃப்டிபி-யின் கதவு எண் (போர்ட்) 21 என்றால் இதற்கு வழக்கமாக 22. சில ஹோஸ்டிங் நிறுவனங்கள் வேறு எண் வைத்திருப்பதுண்டு என்பதால், வந்த மின்னஞ்சலில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபைல்ஸில்லாவில் சைட் மேனேஜரைத் திறந்து, புரோட்டோகால் என்ற இடத்தில் எஸ்எஃப்டிபி-யைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதன்முறை இணையும்போது, இந்தச் சர்வரின் சாவி எனக்குத் தெரியாதது, நம்பலாமா என்று கேட்டு ஒரு நீண்ட எழுத்துக்கோவையைக் காட்டும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறார்கள். நீங்கள் இணைவது உங்கள் சர்வரோடுதானா, நடுவில் புகுந்த வேறெதனோடாவதா என்பதை அறிவதற்கான ஒரே சான்று அந்தக் கோவைதான். ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலோ கட்டுப்பாட்டுப் பலகத்திலோ அது தரப்பட்டிருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னாளில் என்றேனும் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், காரணம் தெரியாமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள். முந்தைய அன்பர்மீது ஐயம் கொண்டு சொல்லவில்லை. அது இப்போது இரண்டு கைபேசிகளிலும் அவற்றின் காப்புநகல்களிலும் இருக்கிறது, அவ்வளவுதான். ஃபைல்ஸில்லா தன்னிடம் சேமிக்கும் கடவுச்சொற்களையும் இயல்பாகப் பூட்டிவைப்பதில்லை. 2017-ல் வந்த 3.26 பதிப்பு முதல் மாஸ்டர் பாஸ்வேர்டு வசதி இருக்கிறது; அமைப்புகளில் அதை நாம்தான் இயக்க வேண்டும். மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 2014-ல் ஃபைல்ஸில்லாவைப் போலவே தோற்றமும் செயல்பாடும் கொண்ட போலிப் பதிப்புகள் உலவின. அவை வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே, உள்நுழைவு விவரங்களை வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

வடாலா வளவன் எழுதியது:

படங்கள் தெரியாததற்கு, சர்வரில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று குறிக்கும் அனுமதிகள் காரணமாக இருக்கலாம். கோப்புறையின்மேல் வலச்சொடுக்கி, அனுமதி எண்ணை 777 என்று வைத்து, உள்ளே இருக்கும் அனைத்துக்கும் பொருந்தச் செய்து பாருங்கள். பல இடங்களில் இதுதான் தீர்வாகச் சொல்லப்படுகிறது.

டோம்பிவலி நிர்வாகி எழுதியது:

வளவன், அந்த யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 777 என்றால் அந்த சர்வரில் கணக்கு உள்ள எவரும் அந்தக் கோப்பைப் படிக்கலாம், மாற்றி எழுதலாம், இயக்கலாம் என்று பொருள். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே கணினியில் எத்தனையோ பேருடைய தளங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் கிருமி நுழைந்தால் உங்கள் பக்கங்களிலும் அது எழுதிவிட நீங்களே வழிவிட்டதாகும். வழக்கமாகக் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 இருந்தால் போதும்; இவற்றில் மாற்றி எழுதும் உரிமை கணக்குக்கு உரியவருக்கு மட்டுமே உண்டு. அனுமதிதான் சிக்கல் என்றால் படத்தின் முகவரியை நேரடியாகத் திறக்கும்போது 403 என்ற பிழை வரும். 404 வந்தால் அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்று சர்வர் சொல்கிறது. சகோதரி, உடைந்த படம் ஒன்றின்மேல் வலச்சொடுக்கிப் புதிய தாவலில் திறந்து, எந்த எண் வருகிறது என்று எழுதுங்கள்.

தாராவிப் பட்டறை எழுதியது:

404-தான் வரும் என்று நினைக்கிறேன். தாராவியில் தோல் பை தைக்கும் சில பட்டறைகளின் இணையதளங்களை நான் கவனித்துவருகிறேன். அவர்கள் அனுப்பும் படங்களில் திரும்பத் திரும்பச் சந்திக்கும் சிக்கல் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விண்டோஸும் மேக்கும் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை வழக்கமாகப் பார்ப்பதில்லை. பெரும்பாலான இணைய சர்வர்கள் இயங்கும் லினக்ஸ் அதைக் கண்டிப்பாகப் பார்க்கும். கேமராவிலிருந்து இறங்கும் படங்களுக்கு ஜேபிஜி என்ற நீட்டிப்பு பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் இருக்கும்; பக்கத்தை எழுதுபவர் அதைச் சிறிய எழுத்துகளில் எழுதியிருப்பார். கணினியில் திறந்தால் படம் வரும், சர்வரில் வராது. உங்கள் விண்டோஸ் கணினியிலிருந்து போன படங்களின் சிக்கல் அனேகமாக இதுவே.

மேக்கிலிருந்து போன படங்களின் கதை வேறாக இருக்கலாம். அவற்றின் பெயர்கள் தமிழில் இருக்கின்றனவா? இருந்தால் இதைக் கவனியுங்கள். பொங்கல் என்ற சொல்லை நாம் தட்டச்சு செய்யும்போது, யூனிகோடில் ப-வுக்கு அடுத்து ஒகரக்குறி ஒரே குறியாகப் பதிவாகிறது. மொத்தம் ஏழு குறிகள், அவற்றைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப் 8 முறையில் 21 பைட்டுகள். அதே ஒகரக்குறியை முன்னால் வரும் ஒற்றைக்கொம்பு, பின்னால் வரும் கால் என இரண்டாகப் பிரித்தும் யூனிகோடில் எழுதலாம். அப்போது எட்டுக் குறிகள், 24 பைட்டுகள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறைமை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. இன்றும் மேக்கிலிருந்து வரும் பெயர்கள் சில நேரங்களில் அந்த வடிவிலேயே வந்துசேர்கின்றன. லினக்ஸ் சர்வர் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். 21 பைட்டுப் பெயரை உங்கள் பக்கம் கேட்கிறது, சர்வரில் இருப்பதோ 24 பைட்டுப் பெயர். கண்ணெதிரே கோப்பு இருந்தும் இல்லை என்ற பதில் வருவது அதனால்தான். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துள்ள எந்தப் பெயருக்கும் இது நேரலாம். கோலம், தோரணம், சொற்பொழிவு என்று விழாப் படங்களில் அத்தகைய பெயர்களுக்குக் குறைவிருக்காது. மற்ற உயிர்மெய்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால், மேக்கிலிருந்து போன படங்களில் சில வந்து சில வராமல் இருந்தால் அதுவே உறுதியான அறிகுறி.

தமிழ்ப் பெயர்கள் வலப்பலகத்தில் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற எழுத்துகளாகவோ தெரிந்தால் அது வேறு சிக்கல். எஃப்டிபி-யில் இணையும்போது சைட் மேனேஜரின் சார்செட் தாவலில் யுடிஎஃப் 8-ஐக் கட்டாயமாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழில் பெயர் வைப்பதை விடச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆயினும் கோப்புப் பெயர் என்பது இயந்திரத்துக்கான முகவரி. வாசகர் படிக்கப்போவது படத்தின்கீழ் வரும் விளக்கவரியையும், படம் வராதபோது அதற்குப் பதிலாகத் தோன்றும் ஆல்ட் உரையையும். அவை நல்ல தமிழில், யார் யார் இருக்கிறார்கள், எந்த ஆண்டு, எந்த அரங்கு என்ற விவரத்தோடு இருக்கட்டும். கோப்புப் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், சிறுகோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, இடைவெளிகளையும் தவிர்த்துவிட்டால், எந்தக் கணினியிலிருந்து யார் ஏற்றினாலும் வேலை செய்யும்.

செம்பூர் வாசகி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மறைந்த கோப்புகள் உட்பட அனைத்தையும் பதிவிறக்கி, வெளி வன்தட்டில் ஒரு நகல் வைத்துவிட்டேன். எஸ்எஃப்டிபி இணைப்பும் கிடைத்துவிட்டது. சாவியின் கோவை கட்டுப்பாட்டுப் பலகத்தில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. கடவுச்சொல்லையும் மாற்றியாயிற்று. திறந்து பார்த்த உடைந்த படங்களில் பெரும்பாலானவை 404-தான் காட்டின. விண்டோஸ் பக்கத்துப் படங்கள் தாராவி ஐயா சொன்னதுபோலவே பெரிய எழுத்து நீட்டிப்போடு இருந்தன. மேக் பக்கத்தில் கரும்பு, உறியடி ஆகிய பெயர்களில் இருந்தவை தெரிகின்றன. பொங்கல், கோலம் என்று தொடங்குபவை மட்டும் தெரியவில்லை. ஆனால் இரண்டு படங்களுக்கு எந்தப் பிழையும் வராமல் வெற்றுப் பக்கம் வருகிறது. வலப்பலகத்தில் அவற்றின் அளவு 0 என்று இருக்கிறது. மூவாயிரம் படங்களை எப்படி ஏற்றுவது என்பதும் மீதமிருக்கிறது.

நெருள் பொறியாளர் எழுதியது:

அளவு 0 என்றால், கோப்புக்குப் பெயர் உண்டாகி உள்ளடக்கம் வந்துசேரும் முன் இணைப்பு அறுந்திருக்கலாம், அல்லது உங்கள் கணக்குக்கான இட ஒதுக்கீடு நிரம்பியிருக்கலாம். கட்டுப்பாட்டுப் பலகத்தில் மீதமுள்ள இடத்தை முதலில் பாருங்கள். இடம் இருந்தால் அந்த இரண்டையும் மறுபடி ஏற்றினால் போதும். அப்போது எழும் உரையாடல் பெட்டியில், அளவு வேறுபட்டால் மட்டும் மேலெழுது என்ற தெரிவைக் கொடுங்கள். எந்தக் கோப்பு புதியது என்று நேரத்தை வைத்து முடிவெடுக்கும் தெரிவைவிட இங்கே இதுவே நம்பத்தக்கது. பழைய எஃப்டிபி-யில் சர்வர் தரும் பட்டியலில் நேரம் இருக்கும், அது எந்த நாட்டு நேரம் என்பது பல சமயம் இருக்காது. நமது நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடையே உள்ள ஐந்தரை மணிநேரம் கணக்கில் வராமல் போனால், புதிய கோப்பைப் பழையது என்று மென்பொருள் தவிர்த்துவிடக்கூடும். திருத்தும்போது அளவு மாறாமல் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறிய எச்டிஎம்எல் பக்கத்துக்கு மட்டும் அளவு ஒப்பீடு உதவாது. பக்கங்களை எப்போதும் நேரடியாகவே மேலெழுதுங்கள்.

மூவாயிரம் படங்கள் பற்றி. வேகம் குறைவதற்கு உங்கள் பிராட்பேண்டைக் குறை சொல்ல வேண்டாம். எஃப்டிபி-யில் ஒவ்வொரு கோப்புக்கும் தரவு இணைப்பு ஒன்றைப் புதிதாகத் திறந்து, கோப்பை அனுப்புகிறேன் என்று சொல்லி, அனுப்பி, வந்துசேர்ந்தது என்ற பதிலைப் பெற வேண்டும். சர்வர் அமெரிக்காவில் இருந்தால், மும்பையிலிருந்து ஒரு செய்தி போய்த் திரும்பவே ஏறத்தாழ கால் விநாடி ஆகும். ஒரு கோப்புக்கு அப்படி நான்கு முறை போய்வந்தால் ஒரு விநாடி. மூவாயிரத்துக்கு ஐம்பது நிமிடம், ஒரு படத்தின் தரவுகூட நகராமல் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். எஸ்எஃப்டிபி-யிலும் கோப்புக்குக் கோப்பு இந்தக் காத்திருப்பு உண்டு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக்கி ஏற்றி, ஹோஸ்டிங் பலகத்தின் ஃபைல் மேனேஜரில் விரித்துக்கொள்வதே சிறந்த வழி. ஜேபிஜி படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் ஜிப் செய்வதால் அளவு குறையாது. நமக்குக் கிடைப்பது, மூவாயிரம் பயணங்கள் ஒரே பயணமாவதுதான். விரிக்கும் வேளையில் ஜிப்பும் படங்களும் சேர்ந்து இரு மடங்கு இடம் கேட்கும். தமிழ்ப் பெயர்கள் ஜிப்பின் வழியாகப் போகும்போது சிதையவும் வாய்ப்புண்டு. எனவே தாராவி நண்பர் சொன்னபடி பெயர்களை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். விரித்து முடித்ததும் ஜிப்பை நீக்கிவிடுங்கள். இணையத்துக்குத் திறந்திருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல் கோப்புறைக்குள் கிடக்கும் எதையும், அதன் பெயரை ஊகிக்கும் எவரும் பதிவிறக்கிக்கொள்ள முடியும்.

பதிவேற்றம் நின்று நின்று போவதற்கு இன்னொரு காரணம், ஒரே முகவரியிலிருந்து இத்தனை இணைப்புகள்தான் வரலாம் என்று ஹோஸ்டிங் நிறுவனங்கள் வைக்கும் வரம்பு. கீழ்ப்பலகத்தில் 421 என்ற எண்ணோடு செய்தி வந்தால், சைட் மேனேஜரின் டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸில் ஒரே நேர இணைப்புகளை ஒன்று என்று குறைத்துப் பாருங்கள். தோற்றுப்போன கோப்புகள் தனித் தாவலில் சேர்ந்திருக்கும். அங்கே வலச்சொடுக்கி மறுபடி வரிசையில் சேர்க்கலாம்.

ஏற்றும் வரிசையையும் கவனியுங்கள். படங்கள் முதலில் போகட்டும், அவற்றை அழைக்கும் பக்கம் கடைசியில் போகட்டும்; அப்போது இடையில் வந்து பார்ப்பவருக்கு உடைந்த பக்கம் தெரியாது. முகப்புப் பக்கத்தை மட்டும் நான் நேரடியாக மேலெழுதுவதில்லை. வேறொரு பெயரில் ஏற்றி, உலாவியில் திறந்து சரிபார்த்து, பழையதன் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, புதியதற்கு அதன் பெயரைச் சூட்டுவேன். பெயர் மாற்றம் நொடியில் முடியும். ஏதேனும் தவறினால் பழையது பக்கத்திலேயே இருக்கும். ஃபைல்ஸில்லாவிலேயே ஒரு கோப்பைத் திறந்து திருத்தும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது சர்வரில் உள்ளதைத் தற்காலிக இடத்துக்கு இறக்கித் திருத்தவிடுவது. உங்கள் கணினியில் நீங்கள் காத்துவரும் நகலுக்கு அந்தத் திருத்தம் வராது. ஓரிரு மாதங்களில் இரண்டும் வெவ்வேறாகிவிடும், எது சரியானது என்று யாருக்கும் தெரியாமல் போகும். திருத்தம் கணினியில் நிகழட்டும். சர்வருக்குப் போவது எப்போதும் அதன் நகலாகவே இருக்கட்டும்.

செம்பூர் வாசகி எழுதியது:

இடம் போதிய அளவு இருக்கிறது. 0 அளவில் இருந்த இரண்டும் மறுபடி ஏற்றியதும் தெரிகின்றன. பெயர்களை மாற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படங்களை ஏற்றும் வேலையை மன்றத்தின் இளைஞர் இருவரிடம் ஒப்படைக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. இதே கடவுச்சொல்லை அவர்களுக்கும் கொடுக்கலாமா?

டோம்பிவலி நிர்வாகி எழுதியது:

கொடுக்க வேண்டாம் சகோதரி. கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஆளுக்கொரு தனிக் கணக்கு உருவாக்கி, அதன் தொடக்கக் கோப்புறையாகப் படங்கள் இருக்கும் கோப்புறையை மட்டும் குறித்துவிடுங்கள். அவர்களால் அதற்கு மேலே ஏற முடியாது, முகப்புப் பக்கமும் ஆண்டுமலர்களும் அவர்கள் கண்ணிலேயே படாது. சில நிறுவனங்களில் இத்தகைய துணைக் கணக்குகளுக்கு எஸ்எஃப்டிபி கிடைப்பதில்லை, டிஎல்எஸ் பாதுகாப்புடன் கூடிய எஃப்டிபி மட்டுமே கிடைக்கும். அதுவும் மறைகுறியாக்கம் உள்ளதுதான். சைட் மேனேஜரில் டிஎல்எஸ் கட்டாயம் என்ற தெரிவை வைத்துக்கொடுங்கள், கிடைத்தால் பயன்படுத்து என்ற தெரிவை வேண்டாம், ஏனெனில் சர்வர் மறுத்தால் அது பழைய திறந்த வழிக்கே போய்விடும். இளைஞர்களில் ஒருவர் வேலை கிடைத்து ஊர் மாறினால் அவருடைய கணக்கை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர் எவரும் கடவுச்சொல் மாற்ற வேண்டியிராது.